பிரிக்காத மூட்டை

முக்தார் அகமது மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார். காவலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் முப்பது வீட்டு மலையூரில் அவருக்கு இருந்த நல்ல பெயருக்கு அதுதான் காரணம்.

வியாழக்கிழமைதோறும் பழைய சாமான் எடுக்க வாணியம்பாடியிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வருவார். ஊர் முனையில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஒவ்வொரு வீட்டிலும் கூரைக்கடியில் ஓர் உரச்சாக்கு தொங்கும். தேய்ந்த மண்வெட்டி, ஓட்டைக் குண்டான், அறுந்த செருப்பு, எண்ணெய் கவர், பாட்டில், பழைய நோட்டு எல்லாம் அதற்குள் போகும். அவர் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். தராசு கிடையாது. வெங்காயம், பிளாஸ்டிக் மக்கு, பேரீச்சம்பழம் என்று ஏதாவது எடுத்து வைப்பார். யாரும் பேரம் பேசியதில்லை.

முதல் முறை வந்தபோது பழக்கம் தெரியாமல் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டார். அந்த வீட்டு மங்கம்மாள் ஓடிவந்து அதன் மேல் கையை வைத்தாள்.

“இன்னா பாய், வூட்டுக்குள்ள பூந்து பாக்கற மாதிரி பாக்கற? எடுத்தா மூட்டையா எடு. இரும்பு வோணும்னா செருப்பும் உன்னுதுதான்.”

“செருப்ப வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது?”

“மாட்டிக்கினு இரும்ப சுமந்துக்கினு போ.”

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அப்படித்தான்.

அதற்கு முன்பு பத்தொன்பது வருடம் அவர் தோல் தொழிற்சாலையில் இருந்தார். வெளிநாட்டு ஆர்டர் நின்று, தொழிற்சாலை மூடி, கையில் இருந்ததைப் போட்டு வண்டி வாங்கினார். தோல் விலை விழுந்ததால் மலையேறியவர். பழைய சாமானுக்கும் ஒரு நாள் விலை விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வீடு இருக்கும்வரை குப்பை இருக்கும் என்று மனைவி சகிலாவிடம் சொன்னார்.

மூட்டைகள் அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான் பிரியும். அவரும் சகிலாவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரிப்பார்கள். இரும்பு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம். அப்போது எல்லாம் விலை போனது. பால் கவரைக் கழுவி உலர்த்தினால் அதற்கும் ஆள் இருந்தான். மலை வீடுகளின் சங்கதிகள் அந்தக் கொல்லையில் வந்து விழும். மங்கம்மாளின் மூட்டையில் சர்க்கரை மாத்திரை அட்டை வர ஆரம்பித்ததும், அவர் அந்த வீட்டுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பதை நிறுத்தினார்.

“எல்லாருக்கும் பழம். எனக்கு மட்டும் பூண்டா?” என்று கேட்டாள்.

“பூண்டு ஒடம்புக்கு நல்லதும்மா.”

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூண்டை வாங்கிக்கொண்டாள்.

குடிப்பதில்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த தனசேகரனின் மூட்டையில், அடியில், குவார்ட்டர் பாட்டில்கள் இருக்கும். மகள் கலைவாணியின் பள்ளி நோட்டைக் கிழித்துச் சுற்றியிருப்பான். அவன் மனைவி சசிகலா ஒவ்வொரு வியாழக்கிழமையும், “எங்க ஆளு திருந்திட்டாரு பாய்” என்பாள். “சந்தோசம்மா” என்பார்.

அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது முக்தார் அகமது பணத்தைப் பற்றிச் சொல்வதில்லை. திரும்பும்போது வண்டியே தெரியாது, மூட்டைகள் தாமாக மலையிறங்கி வருவதுபோல் இருக்கும் என்பார். ஆலங்காயம் கடைத்தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

பொது முடக்கம் முடிந்து, அவர் பழைய சாமானைக் கொண்டுபோய் விற்கும் குடோன் திறந்த அன்று, அதன் முதலாளி ஃபுர்கான் வாசலிலேயே நிறுத்தினான்.

“மாமு, இரும்பு, அட்டைப்பெட்டி மட்டும். வேற எதையும் எறக்காதீங்க.”

“பாட்டிலு?”

“கம்பெனியே எடுக்கல.”

“கவரு?”

“புது பிளாஸ்டிக்கே சல்லிசா கீது. பழச எவன் கேப்பான்?”

“அவங்க மூட்டையாதாம்ப்பா குடுப்பாங்க. பிரிக்க விடமாட்டாங்க.”

“அப்ப மூட்டைய உங்க வூட்லயே வச்சிக்குங்க.”

இரண்டு மாதம் அப்படியே வைத்தார். கொல்லை நிறைந்து, நடையும் நிறைந்தது. தொழுகைக்குப் பாய் விரிக்க இடமில்லை என்றாள் சகிலா. மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, மலையிறங்கும்போது ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். மூட்டைகளை அவிழ்த்து, விலை போவதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பள்ளத்தில் கொட்டினார். அன்று வண்டி இலேசாக ஓடியது. அது பிடிக்கவில்லை அவருக்கு.

அந்தப் பள்ளத்தில்தான் ஊர்க்காரர் கோபால்சாமி ஆடு மேய்ப்பார். கலைவாணியின் பெயர் எழுதிய நோட்டுத் தாளில் சுற்றிய பாட்டில்களை அவர் கொண்டுவந்து தனசேகரன் வீட்டு வாசலில் வரிசையாக வைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. விழுந்த பொருளை உரியவர் வீட்டில் சேர்ப்பது அவர் வழக்கம்.

அடுத்த வியாழன் முக்தார் அகமது ஹாரன் அடித்தார். கூரைகளில் சாக்கு இல்லை. உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.

தனசேகரன் எதிரே வந்து நின்றான். “இன்னா பாய், இன்னிக்கு யார் வூட்டு மானத்த ஏத்திக்கினு போற?”

 முக்தார் அகமது வண்டியைத் திருப்பிக்கொண்டு வளைவுக்குப் போனார். அன்று முழுவதும் பள்ளத்தில் இறங்கி இறங்கிப் பொறுக்கினார். மறுநாளும் பொறுக்கினார். முள் கிழித்த கையோடு எல்லாவற்றையும் வாணியம்பாடிக்கே கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார்.

அதற்கடுத்த வியாழன் வெறும் வண்டியோடு வந்து தெருவில் நின்றார்.

“இரும்பும் அட்டையுந்தான் எடுக்கறாங்க. மீதிய எடுக்க ஆளில்ல. எங்க வூட்லயும் எடமில்ல. நான் கொட்டினது தப்பு. இனிமே பிரிச்சிதான் எடுக்க முடியும். வோணாம்னா சொல்லுங்க, போய்ட்றேன்.”

 நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வண்டியை உதைக்கப் போனவரை மங்கம்மாள் கூப்பிட்டாள்.

“பிரிக்கிறதுன்னா உள்ள வந்து பிரி. தெருவுல பிரிக்காத.”

பன்னிரண்டு வருடமாக வந்தும் அவர் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. தலையைக் குனிந்து நுழைந்தார். சாமை மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவே உட்கார்ந்தார். அவர் பிரிக்கப் பிரிக்க, வேண்டாத பக்கம்தான் வளர்ந்தது. மாத்திரை அட்டைகளைக் கீழே போட்டபோது மங்கம்மாள் அவற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இத்தினி நாளும் தெரியும் உனுக்கு.”

“தெரியும்மா.”

“இந்தக் குப்பைய எப்ப எடுப்பாங்க?”

“வெல ஏறினா எடுப்பாங்க.”

“ஏறுமா?”

“தோல் கம்பெனிய மூடும்போதும் இதத்தான் கேட்டேன்.”

வெளியே சசிகலாவின் குரல் கேட்டது. “பாய், அடுத்து எங்க வூட்டுக்கு வா.”

போனார். தனசேகரன் பாய் விரித்து வைத்திருந்தான். அதன் முன்னால் இரண்டு இரும்புக் கம்பியும் மடித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகளும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

“நானே பிரிச்சிட்டேன் பாய். உனுக்கு இன்னாத்துக்குச் செரமம்?”

“மீதி?”

தனசேகரன் சசிகலாவைப் பார்த்தான். அவள் பின்பக்கக் கதவைச் சாத்தினாள். செருப்பும் கவரும் கருகும் வாடை கதவைத் தாண்டி வந்தது.

 முக்தார் அகமது கம்பிகளையும் அட்டைப்பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.