ஹெட்டில் மரை கழன்றது

அண்ணன் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான். வாசலைத் தாண்ட மட்டும் மாட்டேன் என்றான். எல்லாரும் தன்னையே பார்ப்பதாக ஒரு கூச்சம். அவனுடைய பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கைக் கிளப்பித் தருகிறேன் பேர்வழி என்று நான் ஸ்பார்க் பிளக்கை ஸ்பேனர் போட்டு ஏகத்துக்கும் முறுக்கினேன். பிளக் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது.

அண்ணனே பிளக் மாட்டுகிற எஞ்சின் ஹெட்டைக் கழற்றினான். "பட்டறைக்கு நானும் வரேன்டா" என்றான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனோம். ஹெட்டைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

லேத் பட்டறையில் நல்ல கூட்டம். பட்டறைக்காரர் ஹெட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மிஷின் சத்தத்தை மீறி, "மரை மொத்தமா கழண்டுடுச்சுங்க" என்றார்.

எங்கள் தெருவில் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் சொல்கிற வார்த்தை அது. மரை கழண்டவன். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவனுக்கு இப்ப சரியாயிடுச்சு. ஆள வச்சுக்கிட்டா இப்புடிப் பேசுவீங்க?" என்று கத்திவிட்டேன்.

யாரோ மிஷினை நிறுத்தினார்கள். அதுவரை அண்ணனை ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

"ஹெட்டத்தான்டா சொல்றாரு" என்றான் அண்ணன், மெதுவாக.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் ஞாபகம் வந்தது அங்கே எனக்கு மட்டும்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பட்டறைக்காரர் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே புஷ் என்கிற சின்ன உலோகக் குழலை இறக்கினார். பிளக்கை விரலாலேயே திருகிக் காட்டி, "கடைசில ஸ்பேனர்ல லேசா ஒரு புடி போதுங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தான்.

வீட்டில் ஹெட்டை மாட்டிப் பிளக்கைக் கையால் திருகினான். நான் ஸ்பேனரோடு குனிந்தேன்.

"குடுடா" என்று வாங்கிக்கொண்டான். "நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் முறுக்குற. அதுலதான் போயிடுது."

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. பின்னால் உட்காரச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.