சதுர அங்குலத்துக்கு இரண்டு திர்ஹம்

கல் வெட்ட என்ன கூலி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் சட்டென்று பதில் சொல்வேன். கல்லின் வெட்டிய பக்கத்தை அளந்துகொள், நீளத்தை அகலத்தால் பெருக்கு, சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று வாங்கு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அபுதாபி பக்கம் ருவைஸில் இருந்த வருஷங்களில் அந்தக் கூலியை ஒரே ஒரு ஆளிடமிருந்து கூட என்னால் ஒழுங்காக வாங்க முடியவில்லை. வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு கொஞ்ச காலம் தலைநிமிர்ந்து நடந்ததை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்தவள். சேலத்தில் பிறந்து, படித்து, கல்யாணமாகி, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கணவரோடு ருவைஸ் வந்து சேர்ந்தேன். அவருக்கு ரிஃபைனரியில் கண்ட்ரோல் ரூம் வேலை, ஷிஃப்ட் டூட்டி. எனக்குக் கம்பெனி கொடுத்த வீடு, ஏசி, டிவி. என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும், வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் அச்சடித்திருந்தார்கள். படித்த படிப்புக்கு அந்த நாடு கொடுத்த சர்டிஃபிகேட் என்று அதைச் சொல்வேன். அவருக்கு அந்த ஜோக் பிடிக்காது.

பக்கத்துத் தெருவில் இருந்த ஓர் அமெரிக்கக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்றார்கள். மிக்சி வாங்கப் போன நான் கல் வெட்டும் ரம்பத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். விளிம்பில் வைரத்தூள் பதித்த வட்டத் தகடு, அடியில் எண்ணெய்த் தொட்டி, கல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி. அதை ஓட்டுவது எப்படி என்று அந்த அம்மாள் ஒரு மத்தியானம் காட்டிக் கொடுத்தார். அடுத்தவர் கல்லை வெட்டினால் சதுர அங்குலக் கணக்கில் காசு வாங்க வேண்டும், காசு இல்லை என்றால் வெட்டின துண்டில் பாதி வெட்டியவருக்கு, கல் உடைந்தால் வெட்டியவர் பொறுப்பில்லை என்று அவர்கள் ஊர் வழக்கத்தையும் சொன்னார். நான் அப்போது சிரித்தேன். எனக்கு யார் கல் கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அல் ஐன் தாண்டி, ஓமான் எல்லையில் புரைமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வறண்ட ஆற்றுப் படுகைகளுக்குப் போவோம். அவர் காரிலேயே உட்கார்ந்து செய்தி கேட்பார். நான் வெயிலில் குனிந்து கல் பொறுக்குவேன். வெளியே பார்த்தால் மண் ஒட்டிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ரம்பத்தில் கொடுத்து, அரைமணி நேரம் அது கத்திக் கத்தி அறுத்து முடித்து, எண்ணெயைத் துடைத்துப் பிரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பில் ஜாஸ்பர், அதில் வெள்ளைக் கோடுகள். பல கோடி வருஷமாக யாரும் பார்க்காத ஒன்றை முதலில் பார்க்கிற ஆள் நான் என்று ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறு எதுவும் கொடுத்ததில்லை. கல்யாணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஷோகேஸில் இருந்த துண்டுகளை யாரோ பார்த்தார்கள். அவ்வளவுதான், காலனி முழுக்கச் செய்தி போய்விட்டது. பிக்னிக் போகிற குடும்பமெல்லாம் திரும்பும்போது என் வாசலில் கல்லை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பேப்பர் வெயிட்டுக்கு ஒன்று, பூஜை அறையில் விளக்கு வைக்க ஒன்று, பையனின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு ஒன்று. "வீட்ல சும்மாதான இருக்கீங்க, அப்படியே வெட்டி வச்சிருங்க" என்பார்கள். ஏதோ தோசைக்கு மாவு கரைத்து வைக்கச் சொல்வது போல.

நன்றிக்கு டப்பா வரும். முறுக்கு, அல்லது காலையில் மீந்த கேசரி. நம் ஆட்களிடையே டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. நான் சுண்டல் செய்து நிரப்பிக் கொடுப்பேன். ஆக, கல்லையும் வெட்டிக் கொடுத்து, டப்பாவையும் ரொப்பிக் கொடுத்து, ரம்பத்துக்கு எண்ணெய் வாங்க அவரிடம் கையேந்திக்கொண்டு நின்றேன்.

தகடு தேய்ந்து போனபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. புதுத் தகடு வேண்டும் என்றதும் அவர், "உன் ஹாபிக்கு நான் ஏன் காசு போட்டுக்கிட்டே இருக்கணும்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். தேய்ந்ததில் முக்கால்வாசி ஊரார் கல்லில் தேய்ந்தது. அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகடு எத்தனை கல்லுக்குத் தாங்கும், எண்ணெய் எவ்வளவு ஆகும், கவ்வியில் கல்லைப் பொருத்தி ஆடாமல் நிறுத்த எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். கரண்ட் செலவு அவருடைய கம்பெனியுடையது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. சாதாரணக் கல்லுக்குச் சதுர அங்குலத்துக்கு இரண்டு திர்ஹம், ஜாஸ்பர் மாதிரி தகட்டைத் தின்கிற கல்லுக்கு மூன்று என்று வந்தது. என் நேரத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் பேனா நின்றது. கடைசியில் கொஞ்சமாகத்தான் போட்டேன். ஆனாலும் போட்டேன்.

அட்டையில் எழுதிப் பின்பக்கக் கதவில் ஒட்டினேன். டூட்டி முடிந்து வந்தவர் அதைப் படித்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"என்ன இது? லாண்டரி கடையா நடத்துற?"

"லாண்டரிக்காரன்கிட்ட சட்டையைப் போட்டா காசு குடுக்கறீங்கல்ல?"

"அவனும் நீயும் ஒண்ணா? எல்லாரும் என்கூட வேலை பாக்குறவங்க. நாளைக்குக் கண்ட்ரோல் ரூம்ல என் மூஞ்சியப் பாத்து என்ன நெனப்பாங்க? சம்பளம் பத்தலைன்னு பொண்டாட்டிய கல்லுடைக்க விட்டிருக்கான்னு சொல்ல மாட்டாங்க?"

விசாவை வேறு ஞாபகப்படுத்தினார். நான் அட்டையைக் கழற்றவில்லை. காசு இல்லாமல் இனி ஒரு கல்லையும் தொடப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, ரம்பத்தைத் துணி போட்டு மூடினேன். இரண்டு வாரம் யாரும் வரவில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். கேசரி டப்பாக்கள் நின்றுபோயின. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு, எப்படியோ, வந்தார்கள்.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டு நெல்லைக்காரி. என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். உள்ளங்கை அளவு பச்சைக் கல் ஒன்றை நீட்டி, "எவ்வளவுக்கா?" என்றாள். அளந்து சொன்னேன். அடுத்த நாள் மடிப்புக் கலையாத நோட்டுகளாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் இன்றைக்கு விலை கேட்டு, நாளைக்குக் காசு தந்தார்கள். யாரும் கூடவா குறையவா என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். இவர்களை எனக்குத் தெரியும். பர் துபாய்க்குப் போனால் மீனா பஜாரில் தலைக்கு மாட்டும் க்ளிப்புக்குக்கூடக் கடைக்காரரை அழ வைத்துவிட்டுத்தான் வாங்குவார்கள். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கொசுறு வாங்காமல் நகர மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் மட்டும் சொன்ன விலையை வாய் திறக்காமல் கொடுத்தார்கள் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஜியாலஜி படிக்காதவளுக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என் வேலையின் அருமை ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்தக் காசில் முதலில் தகடு வாங்கினேன். மீந்ததில் மீனா பஜாருக்குப் போய் அவருக்கு ஒரு சட்டை எடுத்தேன். வெளிர் நீலத்தில் மெல்லிய கோடு போட்டது. என் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் பொருள் எனக்கானதாக இருக்கவில்லை, பாருங்கள். கொடுத்தபோது தடவிப் பார்த்தார், "பொண்டாட்டி காசுல சட்டை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, மனுஷன் மனசு மாறிவிட்டார் என்று அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

பாயசம் வைத்து ஒரு மாதம் இருக்கும். நெல்லைக்காரி மறுபடி ஒரு கல் கொண்டுவந்தாள். முந்தின நாளே விலை சொல்லியிருந்தேன். வெட்டி, துடைத்து, காகிதத்தில் சுற்றித் தயாராக வைத்திருந்தேன். அவள் வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"காசு மட்டும் அப்புறமா தாரேன்க்கா. அண்ணன் இன்னும் குடுத்து விடல. நைட் ஷிஃப்ட் போல இருக்கு, எங்க வீட்டுக்காரரால அவுகளப் பாக்க முடியலயாம்."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டு அண்ணன்தான்."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் கை கல்லோடு அப்படியே நின்றது. "அக்கா, உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். எல்லாருக்கும் அவுகதான குடுத்து விடுதாக. வீட்ல இருக்கறவ சந்தோஷமா இருக்கட்டும், கேட்டதக் குடுத்துருங்க, நான் தந்துடுதேன்னு சொன்னாகளாம்."

அவள் மேல் தப்பில்லை. உட்காரச் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல, அவள் அதையும் குடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவர் எழுந்து வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உனக்காகத்தானடி பண்ணேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்த. இப்ப என்ன கெட்டுப் போச்சு? காசு எங்க போச்சு? நம்ம வீட்டுக்குத்தானே வந்துச்சு."

"அவங்க எல்லாம் என்னை என்னன்னு நெனச்சிருப்பாங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. சிரிச்சாங்க, அவ்ளோதான்."

அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓசியில் வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வந்திருக்கிறது, இப்படி வெட்கமாக இருந்ததில்லை. அடம்பிடிக்கிற குழந்தைக்குக் கடை விளையாட்டு விளையாட எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு அரை அங்குலம் கூடுதலா குறைவா என்று அளந்துகொண்டிருந்தேன். சட்டையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்டையைக் கழற்றவில்லை. யார் வந்தாலும் ரம்பம் ரிப்பேர் என்றேன். என் கல்லை மட்டும் நான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச மாதம் கழித்து அவருடைய மேனேஜர் வேலை முடிந்து ஊருக்குப் போவதாக இருந்தது. கண்ட்ரோல் ரூம் ஆட்கள் சேர்ந்து பெரிய சிவப்பு ஜாஸ்பர் பாறை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். இரண்டாக வெட்டினால் புத்தகங்களுக்கு அணை கொடுக்கும் ஜோடிக் கற்கள் ஆகும், ஃபேர்வெல் கிஃப்ட். என் மனைவி செய்து தருவாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பரிசுக்கு வசூலித்த காசு அப்படியே மிஞ்சும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூன்று திர்ஹம் வீதம் பெருக்கிச் சொன்னேன்.

"எனக்குமா?" என்றார்.

"இதுவரைக்கும் காசு குடுத்து வெட்டினது நீங்க ஒருத்தர்தான். வேற யாருக்கு ரேட் சொல்றது?"

அவர் பர்ஸை எடுத்தார். வேண்டாம் என்றேன். "உங்க காசு வேண்டாம். வசூல் பண்ண காசு இருக்குல்ல, அதுல இருந்து வரட்டும். என் பொண்டாட்டி வெட்டுக்கூலி கேக்குறான்னு கண்ட்ரோல் ரூம்ல உங்க வாயால சொல்லுங்க. நாளைக்கே வெட்டித் தர்றேன்."

அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. ரம்பம் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். வசூலித்த காசு மொத்தத்தையும் போட்டு, மேலே இன்னும் கொஞ்சம் போட்டு, பர் துபாயில் தங்க முலாம் பூசிய ஒட்டகக் கடிகாரம் ஒன்றை வாங்கினார்கள். என் கூலியைப் போலப் பல மடங்கு.

கிளப்பில் நடந்த ஃபேர்வெல்லுக்கு அவர் அந்த நீலக் கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வேண்டுமென்றே போட்டாரா, கைக்குக் கிடைத்ததைப் போட்டாரா தெரியாது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது மேனேஜரின் மனைவி, சென்னைக்காரர், அதைப் பார்த்துவிட்டு, "ஷர்ட் ரொம்ப நல்லாருக்கே" என்றார்.

"ஒய்ஃப் வாங்கிக் குடுத்தது" என்றார் இவர்.

"அவர் காசுலதான்" என்றேன் நான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மேனேஜரின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்றார் ஒருவர். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சிரிக்காமல் தலையைக் குனிந்து பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் காசு கொடுத்துக் கல் வெட்டிக்கொண்டவர்கள்.