கிண்ணத்தின் உள்பக்கம்

எங்கள் வீட்டில் வெண்கலம் என்று இருந்தது ஒரே ஒரு கிண்ணம். தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் கூலிவேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு அதுவே அதிகம். அம்மை தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. விசேஷத்துக்கு எடுத்தால் போதாதா, தேய்ந்துபோகுமே என்று அயல்வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அம்மை கேட்டதில்லை. தினமும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பாள். தினமும் எங்களில் ஒருவர் அதில் கஞ்சி குடிப்போம். மற்றவர்களுக்கு மண்சட்டி. யாருக்குக் கிண்ணம் என்பது அம்மையின் தீர்ப்பு. மழையில் நனைந்து வந்தவருக்கு, காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போன காலையில் எனக்கு. பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கஞ்சியைக் கோரக் கோர, அடியிலிருந்து பொன்னிறம் ஏறி வரும். குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்காள் கல்யாணமாகி ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால் மலையோரம் போனபோது, அம்மை அந்தக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டாள்.

பிறகு வெகுநாள் தகவல் இல்லை. கடிதம் எழுத எனக்குத் தெரியும். வாசிக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. பனச்சமூடு சந்தையில் யாரோ, அவளுடைய மாமியார் பொல்லாதவள் என்று அம்மையிடம் சொல்லிவிட்டார்கள்.

"நீ ஒரு எட்டு போயிட்டு வா மக்கா."

"போயி என்னத்தைக் கேக்க? மாமியாருக்க முன்னால அக்கா வாய் தொறப்பாளா?"

"ஒண்ணும் கேக்காண்டாம். கிண்ணத்துக்க உள்ள பாரு. கறுத்துக் கெடந்தா அவளுக்கு அங்க சொகம் இல்லை. நான் போயி கூட்டிக்கிட்டு வாறேன்."

நடந்து போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அக்காள் நாற்று நடப் போயிருப்பதாக அவளுடைய மாமி சொன்னாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"இரி. படிச்ச பிள்ளை இப்பிடியா மெலிஞ்சு கெடக்கும்? அங்க எழுத்தைத்தான் திங்கியளா?"

கஞ்சியும் பயறும் காந்தாரி மிளகு அரைத்த சம்மந்தித் துவையலும் முன்னால் வந்தன. கஞ்சி மண்சட்டியில்.

விருந்தாளி வந்தால் வீட்டில் உள்ளதில் நல்ல பாத்திரத்தை எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கிண்ணம் புழக்கத்தில் இருந்தால் இன்று எனக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியில் பூட்டிவிட்டார்கள், இல்லாவிட்டால் விற்றுவிட்டார்கள். உறியையும் மரப்பலகையையும் கண்ணால் துழாவினேன்.

"என்னத்தையாக்கும் தேடுக?" என்றாள் மாமி.

"ஒண்ணும் இல்ல மாமி."

அத்தான் வந்து கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முன்னாலும் ஒரு மண்சட்டி, வெறும் சட்டி. அவர் கேட்கவும் இல்லை, மாமி ஊற்றவும் இல்லை. அக்காள் முழங்கால் வரை சேறோடு ஏறி வந்து, என்னைக் கண்டு சிரித்து, கை கழுவி உட்கார்ந்தாள். அப்போதுதான் மாமி கவிழ்த்து வைத்திருந்த கூடையைத் தூக்கினாள். அடியில் கிண்ணம். முதல் அகப்பைக் கஞ்சி அதில் விழுந்தது.

"அது அவளுக்குள்ளதாக்கும். வயல்ல நிண்ணுட்டு வாறவ குடிக்காம இங்க ஒருத்தருக்கும் விளம்பமாட்டேன். நீ நடந்து வந்த பிள்ளையாச்சேன்னு ஒனக்கு மட்டும் முந்தித் தந்தேன்."

"நானும் கேட்டுப் பாத்தாச்சு அளியா," என்றார் அத்தான். "கிண்ணம் நமக்குக் கெடைக்காது."

மருமகள் குடிக்கத் தொடங்குவதற்காக மகன் காத்திருக்கும் வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. அக்காள் கிண்ணத்தைச் சரித்துக் கடைசித் தண்ணீரைக் குடித்தாள். உள்பக்கம் முழுக்க வெளிச்சம். கூரையின் கழி, வாசல், அவளுடைய முகம், எல்லாம் அதற்குள் இருந்தன. எங்கள் வீட்டில்கூட அது இப்படி மின்னியதில்லை.

"எலே, வாயை மூடு. ஈ கேறும்," என்றாள் அக்காள்.

நான் வீடு திரும்பியபோது அம்மை வாசலிலேயே நின்றாள். பக்கத்தில், மாற்றுத்துணி கட்டிய முடிச்சு தயாராக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். உள்ள அக்காளுக்க மொகம் தெரிஞ்சுது."

அம்மை நம்பாதவள்போல என்னைப் பார்த்தாள். "ஒனக்கு எதுல தந்தா?"

"மண்சட்டியில. கிண்ணம் அக்காளுக்காம். அவ குடிச்ச பெறவுதான் அத்தானுக்கே கஞ்சி."

அம்மை வாசற்படியில் உட்கார்ந்து, அந்தத் துணிமுடிச்சை மடியில் வைத்து, மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினாள்.