டெஸ்ட் எடுத்தாதானே பாசிட்டிவ்?

இன்னைக்குக் காலையில செனாய் போற பஸ்ல, எங்க தாமான் குடியிருப்புல இருக்கிற அக்கா ஒருத்தங்க என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. உக்காந்ததுலேர்ந்து ஒரே இருமல். மாஸ்க் இல்ல.

பையிலேர்ந்து புது மாஸ்க் ஒன்னு எடுத்து நீட்டினேன். எங்கம்மா டயாலிசிஸ் பண்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியும்.

"அலமாக், நீ இன்னும் இதை விடலையா? கோவிட்லாம் முடிஞ்சிருச்சு லா. இது வெறும் சளி."

"டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?"

"எடுத்தாதானே பாசிட்டிவ்னு வரும்? நாளைக்குப் பேரனுக்குப் பொறந்தநாள் வேற."

சிரிச்சாங்க. மறுபடியும் இருமினாங்க.

கோவிட் உச்சத்துல இருந்தப்போ எங்கப்பாவுக்குப் பாசிட்டிவ் வந்தப்ப, எங்க வீட்டு கேட்டை நம்பரோட போட்டோ எடுத்து தாமான் வாட்ஸப் குரூப்ல போட்டது இதே அக்காதான். "இந்தப் பக்கம் யாரும் போகாதீங்க"ன்னு கீழ எழுதியிருந்தாங்க.

அப்பா செத்த அன்னைக்கும் அவங்க சொன்னபடியே யாரும் வரல.

நான் எழுந்து போய் முன்னால நின்னுக்கிட்டேன். செனாய் வர்ற வரைக்கும் போன் கையிலதான் இருந்துச்சு.

போட்டோ எடுக்கல.

எடுத்திருக்கணுமோ? அந்த குரூப்ல இருக்கிறவங்களே சொல்லுங்க.