சாம்பல் நிறக் கோட்டு

லெமுவல் தாட்சர் விஸ்கான்சினில் குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவன். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வடவர் பக்கம் ஊர்த் தொண்டர் படையில் சேர்ந்தபோது, தோல் வெட்டும் கத்தியையும் இடையில் செருகிக்கொண்டான். அரசு நீலச் சீருடையை விதிக்குமுன்பே ஊர்ப் பெண்கள் சாம்பல் நிறத் துணியில் உடை தைத்து முடித்திருந்தனர். தென்னாட்டுப் பகைவரும் அந்நிறமே உடுத்துவர் என்று எவரும் எண்ணவில்லை.

வர்ஜீனியாவில் முதற்போர். லெமுவலின் அக்காள் கணவன் ஓரின், நால்வரோடு சோளக்கொல்லைக்குள் வேவு பார்க்கச் சென்றான். சற்றைக்கெல்லாம் இடப்புறத்தில் நின்ற தம் பக்கத்து நீலப்படையே இவர்களைப் பகைவரெனக் கருதிச் சுட்டது. பதினொருவர் மண்ணில் புரண்டனர். முரசறைந்தவனின் தாடை பறந்தது.

"கோட்டக் கழட்டுங்கடா!" என்று தலைவர் அலறினார். வெண்சட்டையோடு நின்றவர்களுக்கு மறு ஆணையும் வந்தது: சாம்பல் நிறத்தில் எது அசைந்தாலும் சுடுக.

"ஐயா, எங்க மச்சான் கொல்லைக்குள்ள இருக்காரு. அவருக்கு இது தெரியாது."

"வந்தா பாத்துக்கலாம்."

"பாக்கறதுக்குள்ள சுட்டுடுவானுங்களே!"

கதிர்கள் விலகின. ஓரின் தனியே வந்தான். இடக்கை நார்நாராய்த் தொங்கியது. துப்பாக்கிகள் உயர்ந்தன. லெமுவல் ஓடினான். அவன் காதை உரசிய குண்டு ஓரினின் தொடையில் பாய்ந்தது. விழுந்தவனின் கோட்டைப் பற்றி இழுத்தான், வரவில்லை. குறுக்கே தோட்டாப்பை வார், மறுதோளில் தண்ணீர்க் குடுவை, மேலே கம்பளிச் சுருள், யாவற்றையும் இறுக்கி இடைக்கச்சை.

"என்னடா பண்ற? கொல்ல வந்தியா?"

"கோட்டப் பாத்து நம்மாளுங்கதான் சுடறானுங்க மச்சான்!"

"நம்மாளா? எந்த நாயிடா?"

"எல்லா நாயுந்தான்! ஆடாம கெட!"

வார் வாராய் அறுத்தான். கடைசி வாரில் ஒரு குண்டு அவன் இரு விரல்களைக் கொண்டுபோயிற்று. பல்லால் கடித்துக் கிழித்தான். கோட்டு பிய்ந்து வந்தது. ஓரினின் சதையும் அதனோடு வந்தது.

"சேணக்காரன்டா அது! நிறுத்துங்க!" என்று வரிசையில் ஒருவன் கத்தினான்.

சூடு நின்றது. அந்நேரம் சோளத்தினின்று சாம்பல் நிறத்தார் நாற்பதுபேர் வெளிப்பட்டனர்.

"நம்மாளா, அவனுங்களா?" தம்மவனையே சுட்ட வரிசை இப்போது தயங்கியது. பகைவர் தயங்கவில்லை. ஒரே வேட்டில் தலைவரும் பதினாறு பேரும் சாய்ந்தனர்.

ஓரின் ஒற்றைக் கையோடு பிழைத்தான். பத்தொன்பது ஆண்டுகள், லெமுவல் தேவாலயத்தில் அமர்ந்தால் அந்தப் பதினாறு வீட்டாரும் எழுந்து வேறிடம் போயினர்.

ஒருநாள் ஓரின் கொதித்தான்: "நீ அவங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதாடா?"

"என்னத்த கேக்க? அவங்க புள்ளைங்க செத்தது நெசம்," என்றான் லெமுவல். "நீ அப்படி எதிர்ல வந்தா இன்னிக்கும் உன்னக் காப்பாத்த ஓடிவருவேன். அதுவும் அவங்களுக்குத் தெரியும், மச்சான்."