வலது குதிகால்

பதினெட்டு வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதைத் தைப்பது என் வேலை. எட்டாவது வரைதான் படித்தேன். நன்றியை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது கை விரல்கள் மரத்துப்போகும். தையல் கோடு விட்டு விலகும். ரிஜெக்ட் ஜாஸ்தியானது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன்தான். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், சரியாகவில்லை என்றால் நூல் வெட்டுகிற மேஜைக்கு மாற்றிவிடுவேன் என்றார். புதிதாகச் சேருகிறவர்கள் செய்கிற வேலை அது. மிஷினை விட்டால் என் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பரதநாட்டிய வகுப்புக்குக் கூட்டிப்போவேன். ஒரு மாடி ஹால். டீச்சர் காட்பாடியிலிருந்து ரயிலில் வருகிற பெண். இருபத்து மூன்று வயது இருக்கும். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் சும்மா இருப்பது.

ஒரு நாள் டீச்சர் என்னைப் பார்த்து, "அக்கா, உக்காந்திருக்கும்போது கூட தரையில எதையோ தேடற மாதிரியே இருக்கீங்க. எழுந்து வாங்க," என்றாள்.

வேண்டாம் என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் விடவில்லை. கடைசி வரிசையில் நிறுத்தி அரைமண்டி போடச் சொன்னாள். முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நேராக, பாதி இறங்கி நிற்க வேண்டும். இறங்கினேன். கட்டையைத் தட்டித் தாளம் போட்டாள். இடது கால் சரியாகத் தட்டியது. வலது காலில் விரல்தான் அழுந்தியது. குதிகால் மேலேயே நின்றது. எத்தனை தடவை சொல்லியும் அதேதான்.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதான். கால் மிஷின் ஓட்டுதுக்கா. இங்க பெடல் இல்ல, வெறும் தரைதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரலை அழுத்தினால் ஓடும், குதிகாலை இறக்கினால் நிற்கும். பதினெட்டு வருஷமாக அந்தக் காலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு வாராவாரம் நின்றேன். குதிகால், இடுப்பு, தோள், தலை நான்கும் சுவரில் படும்படி நிறுத்துவாள். முதல் நாள் தலைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. அவள் தள்ளவில்லை. உள்ளங்கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, என் கை வரைக்கும் வாங்க, போதும் என்றாள். அடுத்த வாரம் கையைக் கொஞ்சம் பின்னால் வைத்தாள். கழுத்து வலியையும் பொங்கல் கெடுவையும் அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

கம்பெனியில் ஸ்டூலை முன்னால் இழுத்து நேராக உட்கார்ந்தேன். நான் வகுப்பில் நிற்பது தெரிந்த பக்கத்து மிஷின்காரி, "இன்னாக்கா, சலங்கை எங்க?" என்றாள். லைன் முழுக்கச் சிரிப்பு. அது பரவாயில்லை. தையல் இன்னும் மோசமானது. நிமிர்ந்ததும் ஊசி தூரத்துக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிறு, இனி நான் நிற்கவில்லை, மகள் மட்டும் ஆடட்டும் என்றேன். டீச்சர் என்னைத் தன் எதிரே நிறுத்தினாள். நாட்டியத்தில் கண்ணுக்குத் தனிப் பயிற்சி உண்டு. என் வயிற்றருகே தன் கட்டை விரலை நிறுத்திப் பார்க்கச் சொன்னாள். தலை குனிந்தது. இன்னொரு கையின் விரலை என் மோவாயில் வைத்துத் தடுத்தாள்.

"கண்ணு மட்டும் இறங்கட்டும்க்கா. கழுத்து அது எடத்துலயே இருக்கட்டும்."

அரை மணி நேரம் அதையே செய்தோம். கண்ணில் தண்ணீர் வந்தது.

மிஷினிலும் அப்படியே செய்தேன். கோடு மெல்ல அடங்கியது. விரல் மரப்பதும் கம்மியானது.

பொங்கல் லீவு முடிந்த அன்று சூப்பர்வைசர் வந்தார். என் கூடையிலிருந்து ஓர் அப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்தார். திரும்ப வைத்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார். நூல் வெட்டுகிற மேஜைக்கு என்னை மாற்றவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

சலங்கை கேட்டவளே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். "எனக்கும் காட்டுக்கா, தோள் விட்டுப்போச்சு," என்றாள். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் நிறுத்தினேன். நேராக நில் என்றதும் போலீஸ்காரர் மாதிரி நெஞ்சைத் தூக்கினாள். அது தப்பு. எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தேன். என் கை வரைக்கும் வா என்றேன். வந்தாள். இப்போது ஏழு பேர் நிற்கிறார்கள்.

டீச்சரின் சலங்கைத் தோல் ஓரத்தில் பிய்ந்திருந்தது. சூப்பர்வைசரைக் கேட்டு மிருதுவான துண்டுத் தோல் வாங்கினேன். இரண்டு பட்டை தைத்து மணிகளை மாற்றிக் கோத்துக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். குத்தவே இல்லக்கா என்றாள். அது போதும் எனக்கு.

வலது குதிகால் இன்னும் சில நாள் தூக்கிக்கொள்கிறது. டீச்சர் பார்க்கிறாள். சொல்வதில்லை. நானே இறக்கிக்கொள்கிறேன்.