பூட்டில்லாத பின்பக்கங்கள்

எங்கள் அண்ணை கொழும்புத்துறையில் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்த எனக்கு அவரே தந்தையுமானார். கொழும்பில் கணனி படித்து அங்கேயே வேலை பார்த்தவர், எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். பின்னர் கொக்குவிலில் ஒரு கணனி நிலையத்தில் புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்து, நோயில் விழும்வரை அங்கேயே இருந்தார். இவ்வளவும் இறந்தவர்களுக்காக அச்சிடும் எல்லா நினைவு மலர்களிலும் வருவதுதான். மிச்சத்தை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மானிப்பாய்ப் பக்கத்து மருந்தகம் ஒன்றுக்கு, எந்த மருந்து எந்த அலுமாரியில் இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்று காட்டும் புரோகிராம் ஒன்றை அண்ணை இலவசமாக எழுதிக் கொடுத்தார். மின்சாரம் நின்றுபோன காலம். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைச் சற்று நேரமே போடுவார்கள். ஒருநாள் அங்கே மருந்து கொடுக்கும் அக்கா அவசரத்தில் ஒரு விசையை மாறி அழுத்த, பதிந்ததெல்லாம் அழிந்துபோயிற்று. அன்று அண்ணையோடு வந்திருந்த கணனி நிலைய உரிமையாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரை ஏசினார்.

"இங்கிலீசு வாசிக்கத் தெரியாட்டில் ஏன் தொடுறியள்?"

அண்ணை இடைமறித்தார். "அவவிலை பிழையில்லை. அழிக்க முன்னம் ஒருக்கால் கேக்காமல் எழுதினது என்ரை பிழை."

அதன் பிறகு சதுரக்கோட்டுக் கொப்பியில் தமிழெழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து திரைக்குக் கொண்டுவந்தார். 'அழிக்கவா? ஓம், இல்லை' என்று கணனி தமிழில் கேட்டபோது, "உது எங்களோடை கதைக்குது தம்பி" என்று அந்த அக்கா சிரித்தாராம். பாவிக்கிறவரைப் பயமுறுத்தும் புரோகிராமை அண்ணை புரோகிராம் என்றே சொல்லமாட்டார். யார் கேட்டாலும் பிளொப்பியில் பிரதி எடுத்துக் கொடுப்பார்.

அண்ணை சிறுநீரக நோயில் படுத்ததும், உரிமையாளர் அந்தப் புரோகிராமைத் திருத்தித் தருவதாக மருந்தகத்திடமும் பிரதி வைத்திருந்தவர்களிடமும் வாங்கி, பூட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் கணனியில் எழுதியது தன்னுடையதாம். கிழமைக்கொரு இரகசியச் சொல்லை அவரிடம் கேட்டு வாங்கித்தான் திறக்க வேண்டுமாம். ஷெல்லடிக்குள் அதற்கொரு சைக்கிள் ஓட்டம். அவர் வீட்டில் இல்லாத நாட்களில் மருந்தகத்தார் அலுமாரி அலுமாரியாகத் துழாவினார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டபடி தாய்மார் வெயிலில் நின்றார்கள். இதைச் செய்ய ஒரு மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேள்விப்பட்ட அண்ணை கட்டிலில் கிடந்தபடி சொன்னார். "தங்கச்சி, மெசின் அவரின்ரைதான். மருந்து சனத்தின்ரை. நான் அச்செடுத்து வைச்ச பிரதி மேசைக்குள்ளை கிடக்கு. எல்லாருக்கும் குடு." அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மலர்களின் பின்பக்கங்களில் தேவாரம் போடுவது எங்கள் வழக்கம். அங்கே அந்தப் பிரதியைப் போடப் போகிறேன் என்றேன். "செத்தவீட்டுப் புத்தகத்திலை உதென்ன கொம்பியூட்டர் எழுத்து?" என்று சித்தப்பா மறித்தார். அம்மாதான் முடித்துவைத்தார்.

"அவன் கேட்டதைப் போடு. தேவாரம் நான் பாடுவன்."

ஆகவே, கடைசிப் பக்கங்களில் அண்ணையின் புரோகிராம் முழுவதும் அச்சாகியிருக்கிறது. யாரும் பார்த்துத் தட்டெழுதலாம், மாற்றலாம், அயலுக்கும் கொடுக்கலாம்.

அண்ணையைத் தாங்கிப் பிடித்த தாதியருக்கும், போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்த அயலவருக்கும், தாள் தட்டுப்பாட்டிலும் கொப்பித் தாளில் இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நிலைய உரிமையாளரையும் அழைத்திருக்கிறோம். அவர் கையிலும் ஒரு மலர் கொடுப்போம். பின்பக்கங்களை அவரும் திறந்து பார்க்கட்டும். அதற்கு அவர் யாரிடமும் சொல் கேட்டு வரத் தேவையில்லை.